மெரோவிஞ்சியத் தங்கக் காசு வாங்க: முதல்முறை வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பாரிசில் இருந்துகொண்டு ஒரு மெரோவிஞ்சியத் தங்கக் காசை முறைப்படி வாங்குவதில் எனக்கு ஏற்பட்ட அலைச்சலில் பாதி, யாரிடம் எதை முதலில் கேட்பது என்று தெரியாததால் வந்தது. பிரெஞ்சில் விவரம் இருக்கிறது, ஆனால் ஏற்கெனவே தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்டிருக்கிறது. பிரான்ஸ், பிரித்தானியா, சுவிஸ் பக்கம் வசித்துக்கொண்டு முதல் காசைத் தேடும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நாம் பேசுவது 6, 7ஆம் நூற்றாண்டுகளில், இன்றைய பிரான்சை ஆண்ட மெரோவிஞ்சிய வம்சத்தின் பிராங்கு அரசுகளில் அச்சான திரெமிஸ்ஸிஸ் என்ற சிறு பொற்காசைப் பற்றி. எடை 1.2, 1.3 கிராம். ஆறு காசு சேர்ந்தால்தான் ஒரு சவரன் எடை தேறும். குறுக்களவு 12, 13 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு. ஆனால் ஆயிரம் யூரோவுக்குக் கீழே நல்லது கிடைப்பது அபூர்வம். ஆகவே தங்க விலையைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். எந்த ஊரில் யார் அச்சிட்டது, இத்தனை காலம் யார் யார் கையில் இருந்தது, இந்த இரண்டுக்கும்தான் பணம் கொடுக்கிறீர்கள்.

1. எந்த வகை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

சந்தையில் மூன்று வகை உண்டு.

முதலாவது, பைசாந்தியப் பேரரசர் பெயரிலேயே மேற்கில் அச்சிட்டவை. அனஸ்தாசியஸ், ஜஸ்டினியன் போன்ற பெயர்கள் இருக்கும், பின்பக்கம் வெற்றித் தேவதை நிற்பாள். விலை கொஞ்சம் தணிவு. ஆனால் பிராங்குகளும் பர்கண்டியரும் விசிகோத்துகளும் ஒரே மாதிரிதான் அடித்தார்கள். விற்பவர் ‘பிராங்கு’ என்று எழுதியிருந்தால் எதை வைத்து அப்படிச் சொல்கிறார் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால், அந்தப் பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

இரண்டாவது, ஏறத்தாழ 580களிலிருந்து 670 வரை வந்தவை. ஒரு பக்கம் ஊர்ப்பெயர், மறுபக்கம் அச்சிட்டவர் பெயர். பெரும்பாலோர் தேடுவது இதைத்தான். நூற்றுக்கணக்கான ஊர்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட அச்சாளர்கள். ஆயிரம், ஆயிரத்தைந்நூறு யூரோவில் தொடங்கிச் சில ஆயிரங்கள் வரை போகும்.

மூன்றாவது, அரசர் பெயர் பொறித்தவை. தகொபெர், இரண்டாம் குளோவிஸ் பெயரிலும், அச்சாளராக இருந்து பின்னால் நுவாயோன் ஆயரான புனித எலிகியுஸ் பெயரோடும் வருபவை. இவை பெரிய தொகுப்பாளர்களும் அருங்காட்சியகங்களும் மோதிக்கொள்ளும் களம். முதல் காசுக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள்.

என் யோசனை: இரண்டாவது வகையில், அதிகம் கிடைக்கும் ஓர் ஊரை எடுங்கள். ஷலோன்-சூர்-சோன், மார்செய், தோரெஸ்தாத், பனாசாக் இவற்றில் ஒன்று. ஒப்பிட்டுப் பார்க்க நிறைய படங்கள் கிடைக்கும். ஒப்பீடு இல்லாமல் இந்தத் துறையில் ஓர் அடிகூட வைக்க முடியாது.

2. பணம் எடுக்கும் முன் படிக்கப் பழகுங்கள்

முன்பக்கம் பட்டம் கட்டிய தலை, பெரும்பாலும் வலப்பக்கம் திரும்பி இருக்கும். சுற்றிலும் ஊர்ப்பெயர். அதன் முடிவில் ‘ஃபித்’ என்று வந்தால் அந்த ஊரில் அச்சிடப்பட்டது என்று பொருள். பின்பக்கம் சிலுவை, சுற்றிலும் அச்சாளர் பெயர், அதையடுத்து ‘மோனெ’ போன்ற சுருக்கம். மார்செய் காசில் சிலுவையின் இருபுறமும் ஊரின் முதல் இரண்டு எழுத்துகள் நிற்கும். பனாசாக் காசில் இரண்டு கைப்பிடி வைத்த கிண்ணம் இருக்கும், தெரியாதவர்கூட அடையாளம் கண்டுவிடலாம். எழுத்துகள் தலைகீழாகவும் கண்ணாடிப் பிம்பமாகவும் வருவது சாதாரணம். அதை வைத்துப் போலி என்று முடிவு கட்டாதீர்கள்.

ஏல அட்டவணையில் ஒவ்வொரு காசுக்கும் கீழே பெல்ஃபோர், புரூ, தெபெய்ரோ என்ற பெயர்களும் எண்களும் இருக்கும். மூன்றும் அடிப்படை விவரப்பட்டியல்கள். புரூவின் பட்டியல் 1892இல் வந்தது, பெல்ஃபோரின் தொகுதிகள் 1892 முதல் 1895 வரை. இரண்டும் காப்புரிமை முடிந்தவை, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். தெபெய்ரோவை நூலகத்தில் பாருங்கள். தேடும்போது ‘திரெமிஸ்ஸிஸ்’, ‘திரியென்ஸ்’ இரண்டையும் போட்டுத் தேடுங்கள், பிரெஞ்சு வியாபாரிகள் இரண்டையும் கலந்து எழுதுகிறார்கள்.

பாரிசில் இருந்தால் ரிஷ்லியூ வளாகத்துத் தேசிய நூலக அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். அங்குள்ள மெரோவிஞ்சியத் தொகுப்பில் ஒரு பெரிய பங்கு பொந்தோன் தமேக்கூர் என்ற பிரபுவிடமிருந்து வந்தது. ‘ஹெலிகாப்டர்’ என்ற சொல்லை உண்டாக்கியவரும் அவரேதான்! நூலகத்தைச் சுற்றியுள்ள விவியென் தெருவில் நாணயக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. வாங்காவிட்டாலும் கையில் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டால், கூட்டமில்லாத நேரத்தில் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

3. முழுச் செலவையும் முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள்

ஏலத்தில் சுத்தியல் விழும் தொகை நீங்கள் கட்டும் தொகை அல்ல. அதன்மேல் வாங்குபவர் கமிஷன் வரும், 20 சதவீதத்தை ஒட்டி இருக்கும், சில இடங்களில் 25ஐத் தொடும். அந்தச் சதவீதம் வரி சேர்த்ததா சேர்க்காததா என்பதை நிபந்தனைப் பக்கத்தில் பாருங்கள், பொடி எழுத்தில்தான் இருக்கும். இணையத் தளம் வழியாக ஏலம் கேட்டால் தளத்துக்கு இன்னொரு 1.5 முதல் 3 சதவீதம்.

ஒரு கணக்கு: 1,800 யூரோவுக்குச் சுத்தியல் விழுகிறது, கமிஷன் வரியோடு 24 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 432 யூரோ. தளக் கட்டணம் 1.5 சதவீதம் என்றால் 27. ஆக 2,259 யூரோ. தபால், காப்பீடு இதில் சேரவில்லை. ஆகவே 2,200 தான் கையில் இருக்கிறது என்றால் 1,700ஐத் தாண்டிக் கை தூக்கக் கூடாது. ஏல நேரத்தில் மனக்கணக்கு வேலைக்காகாது, உச்சவரம்பைத் தாளில் எழுதி முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் காசைக் கடையிலோ கடையின் இணையத்தளத்திலோ வாங்குவது நிம்மதி. ஏலத்தைவிடச் சற்று அதிகமாகத் தெரியலாம். ஆனால் தொலைவிலிருந்து கடைக்காரரிடம் வாங்கினால் 14 நாளுக்குள் திருப்பித் தர உரிமை உண்டு. பொது ஏலத்தில் அது கிடையாது.

4. பத்திரங்கள்: இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்

‘பழைய தொகுப்பிலிருந்து’ என்று ஒரு வரி எழுதியிருப்பார்கள். எந்தத் தொகுப்பு, எந்த ஆண்டு, பழைய ஏல அட்டவணை இருக்கிறதா, பழைய ரசீது இருக்கிறதா என்று மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் வேண்டாம், பதில் எழுத்தில் இருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? பிரான்சில் தொல்பொருள் தேடும் நோக்கத்தில் உலோகங்காணி கருவியோடு வயலில் இறங்கவே மண்டல அரசு நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். தற்செயலாக ஏதாவது கிடைத்தால் ஊர் மேயரிடம் உடனே தெரிவிக்க வேண்டும். 2016 ஜூலைச் சட்டத்துக்குப் பின் வாங்கிய நிலத்தில் கிடைக்கும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம் என்றே கருதப்படும். ஆகவே எந்தக் காகிதமும் இல்லாமல், ‘தாத்தாவின் பெட்டியில் இருந்தது’ என்று சமூக ஊடகத்தில் விற்கும் மண் ஒட்டிய காசைத் தொடாதீர்கள். விலை பாதியாக இருக்கிறது என்றால் காரணம் அதுதான்.

பிரித்தானியாவில், ஸ்காட்லாந்து நீங்கலாக, விதி வேறு. 300 ஆண்டு கடந்த பொன், வெள்ளிக் காசுகள் ஒரே இடத்தில் இரண்டோ அதற்கு மேலோ கிடைத்தால் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அறிவித்தாக வேண்டும். தனியாக ஒரு காசு கிடைத்தால் பெரும்பாலும் கண்டெடுத்தவரும் நில உரிமையாளரும் விற்றுக்கொள்ளலாம். அப்படி வந்த காசுக்கு, பொதுமக்கள் கண்டெடுத்தவற்றைப் பதியும் போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீமில் ஒரு பதிவெண் இருந்தால் நல்லது. கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகம் நடத்தும் தரவுத்தளத்திலும் தனிக் காசுகளின் பதிவு இருக்கிறது. எண்ணைக் கேட்டு வாங்கி, படத்தை நீங்களே ஒப்பிடுங்கள்.

இந்த விதியை ஏய்க்க முயன்ற கதை ஒன்று உண்டு. மேற்கு நார்ஃபோக்கில் ஒரே வயலில் சிறிது சிறிதாக 131 பொற்காசுகள் கிடைத்தன, பெரும்பாலானவை பிராங்கு திரெமிஸ்ஸிஸ். அதே வயலில் தேடிக்கொண்டிருந்த ஒரு போலீஸ்காரர் தனக்குக் கிடைத்த 10 காசுகளை அறிவிக்காமல், தனித்தனிக் காசுகள் போலக் காட்டி ஒரு வியாபாரியிடம் விற்றார். 2017இல் 16 மாதச் சிறை. வாங்கும் இடத்தில் நீங்கள் இருந்தால் காசும் போகும், பணத்துக்கும் அலைய வேண்டும்.

ரசீதில் இருக்க வேண்டியவை: விற்பவரின் முழுப் பெயரும் முகவரியும், தேதி, ஊர், அச்சாளர், பட்டியல் எண், நூறில் ஒரு கிராம் வரை எடை, குறுக்களவு, முந்தைய உடைமை விவரம். ‘மெரோவிஞ்சியத் தங்கக் காசு, 1’ என்று மட்டும் போட்டுக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வராதீர்கள். அந்த ரசீது எந்தக் காசுக்கும் பொருந்தும். எடையும் படமும் சேர்ந்தால்தான் அது உங்கள் காசின் ரசீது. திருத்திக் கேட்டால் முகம் சுளிப்பார்கள், ஆனால் தருவார்கள்.

அட்டவணைச் சொற்களையும் கவனியுங்கள். பிரான்சில் 1981 மார்ச் 3ஆம் தேதி அரசாணை ஒன்று இருக்கிறது. நூற்றாண்டையோ காலத்தையோ நேராகக் குறிப்பிட்டால் விற்பவர் அதற்குப் பொறுப்பு. ‘பாணியில்’, ‘வகையைச் சேர்ந்த’ என்று எழுதினால் எந்தப் பொறுப்பும் இல்லை. அந்த ஒரு சொல்லுக்காகவே அட்டவணையை இரண்டு தடவை படிக்கலாம். ஏல நிறுவனத்தின் மேல் வழக்குப் போடச் சுத்தியல் விழுந்த நாளிலிருந்து 5 ஆண்டு அவகாசம்.

5. கையில் எடுத்துப் பாருங்கள்

ஏலத்துக்கு முன் பார்வை நாள் உண்டு. பாரிசின் துருவோ ஏலக்கூடத்தில் பெரும்பாலும் முந்தின நாளும் அன்று காலையும். காசுகளை நிபுணர் அலுவலகத்தில் முன்கூட்டி நேரம் வாங்கிப் பார்ப்பதும் வழக்கம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று கொண்டுபோங்கள்.

முதலில் விளிம்பு. வார்ப்புப் போலியில் விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு ஓடும், அல்லது அதை அரத்தால் தேய்த்த அடையாளம் இருக்கும். பரப்பில் ஊசிக்குத்துப் போலக் குமிழிகள், எழுத்துகளின் ஓரம் மழுங்கல். அச்சடித்த காசில் எழுத்தின் ஓரம் கூர்மையாக நிற்கும், உலோகம் வெளிப்பக்கம் இழுபட்டதன் நுண்கோடுகள் தெரியும். அப்புறம், இணையத்தில் அதே அச்சாளரின் காசுகளைத் தேடுங்கள். இரண்டு காசுகளில் ஒரே இடத்தில் ஒரே கீறல், ஒரே மாதிரி ஓரம் விலகல் இருந்தால் ஒன்றாவது போலி. இரண்டுமேகூட இருக்கலாம்.

அடுத்து, தலைக்கு மேலே, கடிகாரத்தில் பன்னிரண்டு இருக்கும் இடத்தை விளக்கின்கீழ் சாய்த்துப் பாருங்கள். அங்கே மட்டும் சிறு தட்டை, நிறம் ஒரு சாயல் மாறி, பற்றவைத்த தடம் தெரிந்தால் அது ஒரு காலத்தில் வளையம் வைத்துக் கழுத்தில் தொங்கிய காசு. பிராங்குப் பெண்களும் ஆங்கிலோ-சாக்சன் பெண்களும் இப்படி அணிந்தார்கள். வரலாற்றுக்கு அழகு, விலைக்கு அடி. அட்டவணையில் சொல்லாமல் விட்டிருந்தால் பேரம் பேச நல்ல காரணம்.

நிறம் வெளிறி இருந்தால் பதறாதீர்கள். 7ஆம் நூற்றாண்டு போகப் போக வெள்ளி அதிகம் கலந்தார்கள். 670 வாக்கில் தங்கம் பாதிக்கும் கீழே இறங்கி, பிறகு முழுக்க வெள்ளிக் காசுக்கே மாறிவிட்டார்கள். ஆனால் காலத்தால் முற்பட்ட காசு என்று போட்டிருந்து நிறம் வெளிறி இருந்தால் கேள்வி கேளுங்கள்.

ஒரு முக்கியமான விஷயம். வாங்கிய காசை லா ஷப்பெல் பக்கம் தெரிந்த நகைக்கடைக்குக் கொண்டுபோய் உரைத்துப் பார்க்கும் ஆசை நம்மவர்களுக்கு வரும். கூடவே கூடாது. உரைகல்லில் ஓர் இழுப்பு, ஒரு சொட்டு அமிலம், அவ்வளவுதான், பாதி விலை போச்சு. எக்ஸ்-கதிர்க் கருவி காட்டும் சதவீதத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். மண்ணில் கிடந்த காசின் மேல்தோலில் வெள்ளியும் செம்பும் கரைந்து போயிருக்கும், கருவி தங்கத்தைக் கூட்டிக் காட்டும்.

‘போலி’, ‘பின்பற்றல்’ இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். தோரெஸ்தாதில் மதெலினுஸ் அச்சிட்ட காசை, வடகடல் கரையோர மக்களான ஃபிரீசியர்கள் அந்தக் காலத்திலேயே நகலெடுத்தார்கள். அதுவும் 7ஆம் நூற்றாண்டுக் காசுதான், உண்மையானதுதான். ஆனால் மூலத்தின் விலைக்கு வாங்கக் கூடாது.

பிளாஸ்டிக் உறையில் தரச்சான்றோடு வருகிறதா? நல்லது. ஆனால் பழங்காலக் காசுகளுக்குத் தரம் மட்டும் போட்டு, உண்மைத்தன்மைக்கு உத்தரவாதம் தராத நிறுவனங்களும் உண்டு. நிபந்தனையைப் படியுங்கள்.

6. ஏல நாள்

குறைந்தது முந்தின நாளே பதிவு செய்யுங்கள். அடையாள அட்டை, வங்கி விவரம், சில இடங்களில் முன்பணம். நேரில் போக முடியாவிட்டால் உச்சவரம்பை எழுதிக் கொடுத்துவிடலாம், தளக் கட்டணம் மிச்சம்.

சுத்தியல் விழுந்ததும் முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். கூடத்தில் ஒருவர் எழுந்து, அரசு சார்பில் ‘பிரெஎம்ப்சியோன்’ என்று சொன்னால், நீங்கள் கேட்ட அதே விலைக்கு அரசு உங்கள் இடத்தில் வந்து நிற்கிறது. உறுதிப்படுத்த 15 நாள். உறுதி செய்தால் காசு அருங்காட்சியகத்துக்குப் போகும், நீங்கள் எதுவும் கட்ட வேண்டாம். உறுதி செய்யாவிட்டால் காசு உங்களுடையதே, ஆகவே அதுவரை அந்தப் பணத்தை வேறெங்கும் போடாதீர்கள். சாதாரணக் காசுக்கு இது அரிது. புது அச்சாளர், அறியாத ஊர் என்றால் நடக்கும்.

பணத்தை வங்கி வழியாக அனுப்புங்கள். பிரான்சில் வசிப்பவர் வியாபாரியிடம் ரொக்கமாக 1,000 யூரோவுக்கு மேல் கொடுக்கக் கூடாது. ஏலம் எடுத்துவிட்டுக் கட்டாமல் விட்டால் காசை மறுபடி ஏலம் போட்டு, குறையும் தொகையை உங்களிடம் கேட்பார்கள். கட்டாதவர்களின் பெயர்ப்பட்டியலை நிறுவனங்கள் பகிர்ந்துகொள்வதும் உண்டு. முடிந்தால் நேரில் போய் எடுத்துக்கொள்ளுங்கள். பொற்காசைச் சாதாரணத் தபால் காப்பீடு ஏற்காது.

7. எல்லை தாண்ட வேண்டுமானால்

லண்டனில் இருக்கும் என் சித்தப்பா மகனுக்காக ஒரு காசு வாங்கியபோதுதான் இதைக் கற்றேன். பணம் கட்டி முடித்த பிறகே ஏல நிறுவனம் ஏற்றுமதிக் காகிதத்தை எடுத்துப் பார்த்தது. அதுவரை அது யார் வேலை என்றே அவர்களுக்குள் முடிவாகவில்லை.

பிரான்சிலிருந்து வெளியே போகும் தொல்பொருளுக்கு, அதன் வகையையும் மதிப்பையும் பொறுத்து, பண்பாட்டு அமைச்சகத்தின் சான்றிதழ் வேண்டும். விண்ணப்பம் முழுமையாகச் சேர்ந்த நாளிலிருந்து 4 மாதம் வரை அமைச்சகம் எடுத்துக்கொள்ளலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே, அதாவது லண்டனுக்கோ சூரிச்சுக்கோ போகிறதென்றால், அதோடு ஏற்றுமதி உரிமமும் சேரும். ஆகவே ஏலத்துக்கு முன்பே நான்கு கேள்விகளை எழுதி அனுப்புங்கள்: இந்த லாட்டுக்குச் சான்றிதழ் வேண்டுமா, ஏற்கெனவே இருக்கிறதா, இல்லையென்றால் யார் விண்ணப்பிப்பது, அதற்கு எவ்வளவு கட்டணம். சான்றிதழ் ஏற்கெனவே உள்ள காசுக்கு நூறு யூரோ கூடுதலாகக் கொடுத்தாலும் தகும்.

பிரித்தானியாவுக்குள் வரும்போது சேகரிப்புப் பொருளாகச் சரியாக அறிவித்தால் இறக்குமதி வரி 5 சதவீதம்தான். பிரான்சுக்குள் 5.5. அறிவிப்பில் வெறும் ‘தங்கம்’ என்றோ ‘நகை’ என்றோ எழுதிவிட்டால் முழு வரி போட்டுவிடுவார்கள், திரும்ப வாங்க மாதக்கணக்காகும். கூரியர்காரர் என்ன எழுதுகிறார் என்பதை அனுப்பும் முன் கேட்டுச் சரிபாருங்கள்.

பிரித்தானிய மண்ணில் கிடைத்த காசுக்கு, விலை எவ்வளவானாலும், அங்கிருந்து வெளியே கொண்டுவர உரிமம் தேவை, ஆர்ட்ஸ் கவுன்சில் இங்கிலாந்து தருகிறது. 2025 ஜூன் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/880 விதியும் முழுமையாக நடைமுறைக்கு வந்துவிட்டது. ஒன்றியத்துக்கு வெளியே உருவான அல்லது கண்டெடுத்த பண்பாட்டுப் பொருள்களுக்கு அது. அங்கே கண்டெடுத்த காசை இங்கே கொண்டுவருவதானால் இரண்டு பக்கக் காகிதத்தையும் முன்கூட்டியே கேளுங்கள்.

ஊருக்குப் போகும்போது காட்டலாம் என்று பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். இந்தியாவின் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருள். தனியார் அதை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. திரும்பி வரும்போது விமான நிலையத்தில் ‘இது பிராங்கு நாட்டுக் காசு’ என்று விளக்கிக்கொண்டு நிற்க வேண்டிவரும்.

8. வீட்டுக்கு வந்த பிறகு

காசைக் கழுவாதீர்கள், துடைக்காதீர்கள். மென்மையான பிவிசி உறை வேண்டாம். வீட்டுக் காப்பீட்டில் நாணயத் தொகுப்புக்குத் தனி வரம்பு இருக்கும், காப்பீட்டுக்காரரிடம் எழுதிக் கேளுங்கள்.

ரசீது, அட்டவணைப் பக்கம், மின்னஞ்சல்கள், சான்றிதழ், உங்கள் கையால் எடுத்த இருபக்கப் படம், எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். நாளைக்கு விற்கும்போது பிரான்சில் இதற்குப் பண மதிப்பு உண்டு. 1800க்கு முந்தைய காசு சேகரிப்புப் பொருளாகக் கணக்கிடப்படும். 5,000 யூரோ வரை விற்றால் வரி இல்லை. அதற்கு மேல் போனால், லாபமோ நட்டமோ, விற்ற தொகை முழுவதற்கும் 6.5 சதவீதம். வாங்கிய தேதியையும் விலையையும் நிரூபிக்க முடிந்தால் லாபத்துக்கு மட்டும் வரி கட்டும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். அதில் இரண்டாம் ஆண்டுக்குப் பின் ஆண்டுக்கு 5 சதவீதம் கழியும், 22 ஆண்டு கடந்தால் ஒன்றும் கட்ட வேண்டாம். ரசீது இல்லாதவருக்கு இந்த இரண்டாவது வழியே கிடையாது.